பந்தியும் பானையும்

பந்தி என்பதற்கு வரிசை என்பது பொருள். வடமொழிப் ‘பங்க்தி’ தமிழகத்து வாழையிலைகளின் முன் வந்து அமர்ந்து, உணவுக்குரிய சொல்லாகவே நிலைத்துவிட்டது. பந்தியில் ஒவ்வோர் இலையும் ஒருவருக்கே உரியது. தோளோடு தோள் உரச அமர்ந்தாலும் அடுத்தவர் இலையில் கை படுவதில்லை. பரிமாறும் கரண்டியும் இலையைத் தொடாமல் சற்று உயர நின்றே வழங்கும். நெருங்கி அமர்ந்து தனித்து உண்ணும் இம்முறையில் வளர்ந்தவர்கள், நடுவே கொதிக்கும் ஒரே பானையைச் சுற்றி அமர நேர்ந்தால் எழும் வினா சிறியதன்று. ஒன்றாக உண்பது என்றால் என்ன? ஒரே இடத்தில் உண்பதா, ஒரே பொருளை உண்பதா?

கோலாலம்பூரின் செந்தூல், பழமரம் ஒன்றின் பெயரைத் தாங்கிய பகுதி. ஆயினும் தமிழர்க்கு அது இரயில்வே பட்டறையின் ஊர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அப்பட்டறையை நம்பித் தலைமுறைகள் வாழ்ந்தன. பட்டறைப் பணிகள் பேராக் மாநிலத்துப் பத்து காஜாவுக்குப் பெயர்ந்துவிட்டன. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. கடைவரிசைகளில் மாமிக் கடைக்கும் சீனர் காப்பிக்கடைக்கும் அருகே இப்போது கொரிய உணவகத்தையும் காணலாம்.

அத்தகைய உணவகம் ஒன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, தமிழ்க் குடும்பம் ஒன்று கூடியிருப்பதாகக் கொள்வோம். மகனுக்கும் மருமகளுக்கும் வேலைநேரம் மாறி மாறி வருவதால் எல்லாரும் ஒருங்கே கூடக் கிடைத்த இரவு அதுவே. அழைக்கப்பட்டவர் பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி. பேரன் பள்ளி விட்டு வந்ததும் பல ஆண்டுகள் அவர் வீட்டில்தான் இருந்தான். அந்த அன்புக்கு நன்றி கூறவே விருந்து. பானை வந்தது. கொரியர் ‘ஜொங்கோல்’ என்பர். மலேசியர் பழக்கத்தால் ‘ஸ்டீம்போட்’ என்றே சொல்வர். காளான், கீரை, சோயாக் கட்டியாகிய தௌகுவா ஆகியவை சாற்றில் மிதந்தன. இறாலும் கோழியும் தனித்தட்டில் காத்திருந்தன.

அன்னை செவ்வாய்தோறும் முருகனுக்காகச் சைவம் உண்பவர். “இப்போது உள்ளே இருப்பது காய்தானே, ஐயா?” என்று மகனைக் கேட்டார். “காளானும் கீரையும்தான், அம்மா” என்றார் மகன்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆனால் அந்தச் சாறு உலர்ந்த நெத்திலியையும் கடற்பாசியையும் கொதிக்கவைத்து எடுத்தது என்பதை அவர் அறிவார். கொரியச் சமையலில் அது பெருவழக்கு. முட்டைக்கோசு ஊறுகாய் போலத் தோன்றும் கிம்ச்சியிலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ப்பது உண்டு. இவையனைத்தும் தெரிந்தே அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொன்னார். கேளாத கேள்வியை மூடி வைத்தார்.

மகனைக் கொடியவர் எனல் பொருந்தாது. அன்னைக்குத் தனிப்பாத்திரம் கேட்டால் விருந்தினர் மனம் வருந்துமோ என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தனிப்பாத்திரம், தனியிடம், தனிப்பந்தி என்னும் சொற்கள் தமிழர் செவியில் நாற்றமடிப்பவை. வ. வே. சு. ஐயர் 1922இல் நிறுவிய தமிழ்க் குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. நாட்டுப்பற்றையும் தமிழ்க் கல்வியையும் ஊட்டவே அவர் அதனைத் தொடங்கினார். எனினும் அங்கே பிராமண மாணவர் சிலர்க்குத் தனியே உணவிடப்பட்டது வெளிப்பட்டபோது, தமிழகமே கொந்தளித்தது. வரதராசலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அதனை முன்னின்று எதிர்த்தனர். 1925இல் ஐயர் பொறுப்பைவிட்டு விலகினார், அவ்வாண்டே மறைந்தார். செந்தூல் இரயில்வே ஊர் என்பதால் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது: தென்னிந்திய இரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941 வரை நீடித்தது.

இத்தகைய இழிவுகளைக் கற்றறிந்த தலைமுறைக்கு, ஒரே பானை விடுதலையின் அடையாளமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் 1943இல் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தபோது, இந்திய தேசிய இராணுவம் சமயமும் சாதியும் பாராமல் பொதுச் சமையலறையையே வைத்தது. துப்பாக்கி ஏந்தியதைவிட ஒன்றாக உண்டதைப் பெரிய புரட்சி என்று கூறினும் மிகையாகாது.

ஆயினும் இரண்டு மறுப்புகளைப் பிரித்தறிய வேண்டும். ‘இவரோடு உண்ணேன்’ என்பது ஒன்று. ‘இதை உண்ணேன்’ என்பது மற்றொன்று. சேரன்மாதேவியில் எழுந்தது முதலாவது. அதன் சுமை மறுத்தவன் தலையில் விழவில்லை. மறுக்கப்பட்ட சிறுவர்களின் நெஞ்சில் விழுந்தது. செவ்வாய்க்கிழமைச் சைவமோ, கொண்டவரே சுமப்பது. இறாலின் மணம் மூக்கைத் துளைக்க, கீரையைக் கொறிப்பவர் அவரே.

எல்லை எப்போதும் இவ்வளவு தெளிவாக இராது என்பதும் உண்மை. ‘இதை உண்ணேன்’ என்ற போர்வையில் ‘இவரோடு உண்ணேன்’ ஒளிந்து வருவதை ஊரறியும். எச்சில் என்ற சொல் அதற்குப் பல காலம் துணை நின்றது. நலம் பேணும் எச்சரிக்கை எது, இழிவு செய்யும் எச்சரிக்கை எது என்று அச்சொல் பிரித்துக் காட்டாது. விருந்தினரின் முகவாட்டத்துக்கு வள்ளுவர் அனிச்சப்பூவை உவமை சொன்னது இங்கே உதவும். சட்டம் எட்டாத இடத்தில் எதிரே இருப்பவர் முகமே சான்று.

ஒரே பானை தொன்றுதொட்ட ஒற்றுமையின் சின்னம் என்பதும் ஆய்ந்து கொள்ளத்தக்கது. கொரியாவில் ஜோசன் அரசர் காலத்து மேன்மக்கள் தனித்தனியே சிறு மேசைகளில் உண்டவர்கள். ‘சோபன்’ என்பது அம்மேசையின் பெயர். பலர் ஒரே மேசையைச் சூழ்ந்து உண்பது பெரிதும் 20ஆம் நூற்றாண்டில் பரவியது. 2020இல் தொற்றுநோய் பரவியபோது, பொதுப் பானையில் கரண்டிகளை இடாமல் தனிக்கிண்ணத்தில் எடுத்து உண்ணுமாறு அந்நாட்டு அரசே மக்களை வேண்டியது. கிண்ணம் தனியானதால் கொரியர் உறவு அற்றுப்போகவில்லை.

மகனின் செயலுக்கு ஒரு வாதம் எஞ்சுகிறது. அறியாமல் உண்டவர்க்குக் குற்றமில்லை. ஆகவே அன்னையின் நோன்புக்கும் கேடில்லை. முதற்பாதி சரியே. ஆனால் நோன்பு என்பது வயிற்றில் எது சென்றது என்னும் கணக்கு மட்டுமா? தானே தேர்ந்து, தானே விலக்குவதே அதன் உயிர். மறைத்து ஊட்டியவர் அன்னையின் நோன்பைக் கெடுக்கவில்லை. நோன்பு நோற்கும் உரிமையை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். அதுவும் குழந்தையாய் இருந்தபோது தனக்கு ஊட்டிய கையிலிருந்து.

முசுலிம்களுக்கு ஹலால் முத்திரை காவலாக நிற்கிறது. பொய்யாக ஹலால் என்று விற்பது மலேசியாவில் 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின்படி குற்றம். இந்தியாவில் சைவ உணவுப் பொட்டலத்துக்குப் பச்சைக்குறி உண்டு. கொதிக்கும் பானைக்கு எக்குறியை ஒட்டுவது? வாரத்தில் ஒரு நாள் மட்டும் சைவராக இருப்பவர்க்கு எம்முத்திரை காவல்? அருகில் அமர்ந்தவரின் வாய்ச்சொல் ஒன்றே அவருக்குள்ள காவல்.

அந்த வாய்ச்சொல் மகனிடமிருந்து வரவில்லை. அன்னை கரண்டியைச் சாற்றில் இடும்போது சீன மூதாட்டி அவர் மணிக்கட்டைப் பற்றி நிறுத்தினார். பணியாளரை அழைத்து, சாற்றில் இக்கான் பிலிஸ் உண்டா என்று மலாயில் கேட்டார். உண்டு என்றார் பணியாளர். மூதாட்டிக்கு இஃது எவ்வாறு தோன்றிற்று என்று வியக்க வேண்டுவதில்லை. சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் உண்ணும் மரபினர் அவர். அந்நாள்களில் கடைக்குக் கடை நின்று இதே கேள்வியைக் கேட்டுப் பழகிய நாவு அது. பக்கத்து வீட்டில் செவ்வாய்க்கிழமை எப்படி மணக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

மகன் தலை தாழ்ந்தது. அன்னை ஒன்றும் சொல்லவில்லை. மகனை நெடுநேரம் பார்த்தார், அவ்வளவே. சமையற்கூடத்திலிருந்து வெறுஞ்சோறும் எண்ணெயில் தனியே வாட்டிய தௌகுவாவும் சிறு தட்டில் வந்தன. அவற்றைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, அன்னை பொதுக் கரண்டியைக் கையில் எடுத்தார். தட்டிலிருந்த இறாலைப் பானையில் இட்டு, அது வெந்து சிவக்கும் வரை காத்திருந்து, பெரியவையாகத் தேடி எடுத்து மூதாட்டியின் கிண்ணத்தை நிரப்பினார். பிறகு மகன் தன் கிண்ணத்தை நீட்டினார்.