வென்றவரின் கை

ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கஸ் 1635 வாக்கில் வரைந்து முடித்த ‘பிரேடாவின் சரணடைவு’ மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டைச் சாவியோடு குனிகிறார் டச்சுத் தளபதி. ஸ்பெயினின் தளபதி ஸ்பினோலா அவர் தோளில் கை வைத்து, மண்டியிட விடாமல் தடுக்கிறார். தோற்றவரை அவமதிக்காத வெற்றி என்று போற்றப்படும் கை அது. ஆனால் அந்த ஓவியம் மாட்டப்பட்டது வென்ற மன்னரின் அரண்மனையில். 1637இல் டச்சுக்காரர்கள் பிரேடாவை மீட்டுவிட்டார்கள்; ஓவியத்தில் மட்டும் அது இன்றும் ஸ்பெயினுடையது.

அதே கையை ஆங்கில ஓவியர் ராபர்ட் ஹோமின் ஓவியத்திலும் பார்க்கிறேன். 1792 பிப்ரவரி 26, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே கிழக்கிந்தியக் கம்பெனியின் பாளையம். திப்பு சுல்தானின் பிள்ளைகள், பத்து வயது அப்துல் காலிக்கும் எட்டு வயது முயிசுத்தீனும், பிணையாக வருகிறார்கள். கம்பெனிப் படையின் தளபதி கார்ன்வாலிஸ் பிரபு தகப்பனைப் போலக் கைப்பிடித்து ஏற்றுக்கொள்கிறார். தகப்பனிடமிருந்து பிரித்ததே அவர்தான் என்பதை அந்தக் கை மறைத்துவிடுகிறது. 1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் சரணடைய வேண்டிய நாளில் இதே கார்ன்வாலிஸ் உடம்பு சரியில்லையென்று துணைத்தளபதியை அனுப்பினார். அமெரிக்க ஓவியர் டிரம்புல் பின்னாளில் வரைந்த அந்தக் காட்சியில் அவர் இல்லை. இந்தக் குழந்தைகளுக்கு அப்படி ஒதுங்கிக்கொள்ள வழியிருக்கவில்லை.

ஹோமின் ஓவியம் சொல்லாத இன்னொன்று கிருஷ்ணகிரி. 1791 நவம்பரில் கம்பெனித் தளபதி மேக்ஸ்வெல்லின் படை இரவில் இங்குள்ள மலைக்கோட்டையில் ஏறியது. கீழ்க்கோட்டை விழுந்தது. மேல்கோட்டையில் இருந்தவர்கள் பாறைகளை உருட்டித் தள்ளினார்கள். படை இறங்கிப் போனது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இன்றும் அந்த மலையைப் பார்க்கலாம். அதன் செங்குத்தைப் பார்த்தாலே அந்த இரவு புரியும். சண்டையில் விழாத அந்த மலை நான்கே மாதத்தில் ஒப்பந்தத்தில் கைமாறியது. பாதி ராஜ்யம், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் என்று திப்பு கொடுத்த விலையில் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதியும் சேர்ந்துபோனது. மேல்கோட்டையைக் காத்தவர்களை யாரும் தோற்கடிக்கவில்லை. அவர்களுக்கு ஓர் ஓவியம் இருந்திருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்வேன். பக்கத்து ஊரான ஓசூர் 1799 வரை மைசூரோடு இருந்ததால், கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே ஏழு ஆண்டுகள் இரு அரசுகளின் எல்லை ஓடியது.

பாராமகாலை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும் வந்தார்கள். குடியானவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது. பிள்ளைகள் இருவரும் 1794இல் தகப்பனிடம் திரும்பினார்கள். கிருஷ்ணகிரிக் குடியானவர் அப்போது கம்பெனிக்கு நிலவரி கட்டிக்கொண்டிருந்தார்.