ஒப்புக்குச் சப்பாணி

சின்ன வயதில் தெருவில் விளையாடக் கிளம்பினால் அம்மா தம்பியையும் கூடவே அனுப்பிவிடுவார். "அவனையும் சேத்துக்கோங்கடி." மூன்று வயதுக்காரனை வைத்துக்கொண்டு ஓடிப்பிடித்து விளையாடுவது எப்படி? அதற்கென்றே ஓர் ஏற்பாடு இருந்தது: ஒப்புக்குச் சப்பாணி. அவன் ஓடலாம், கத்தலாம். தொட்டாலும் அவுட் இல்லை. சப்பாணி என்றால் நடக்க முடியாதவர் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

போன மே மாதம் அந்தச் சொல் நெஞ்சில் குத்தியது. அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதம், வாக்கர் பிடித்து நடப்பான். இரண்டு கோடை முகாம்களில் "எங்களால பொறுப்பு எடுக்க முடியாதுங்க" என்றார்கள். மூன்றாவது இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள். அவனுக்காக வாசற்படியில் சரிவுப் பலகை போட்டார்கள். விளையாட்டு நேரத்தில் மட்டும் விசிலைக் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அடம்பிடித்து இறங்கியவனை ஆட்டத்தில் ஒருவரும் தொடவில்லை.

"அத்தே, நான் அவுட்டே ஆகல" என்றான் அன்று ராத்திரி. பெருமைப்படுகிறான் என்று நினைத்தேன். மறுநாள் போகமாட்டேன் என்று அழுதான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவில், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தரவேண்டும் என்கிறது. விளையாட்டில் சமம் என்றால் தோற்கிற உரிமையும் அதில் அடக்கம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பரிதாபப்பட்டு விட்டுக்கொடுக்கிற ஆட்டத்தில் ஜெயிப்பதற்கு என்ன ருசி?

பயிற்சியாளரிடம் உட்கார்ந்து ஆடும் வாலிபாலைப் பற்றிச் சொன்னேன். 1980 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிற ஆட்டம் அது. பந்தை அடிக்கும்போது உடம்பு தரையைவிட்டு எழக்கூடாது. ஆண்களுக்கான வலையின் உயரமே 1.15 மீட்டர்தான். அவர் அன்றைக்கே ஒரு கயிற்றைத் தாழக் கட்டி எல்லாப் பிள்ளைகளையும் தரையில் உட்காரவைத்தார். நன்றாக ஓடுகிறவர்கள் நகரத் தெரியாமல் திணறினார்கள். இவனுக்கோ வீட்டில் தரையில் தவழ்ந்து நகர்ந்தே பழக்கம்.

ஆனாலும் ஒரு பந்தைக் கோட்டைவிட்டான். அவன் அணிச் சிறுமி ஒருத்தி கத்தினாள்: "டேய், உன்னாலதான் பாயின்ட் போச்சு!" இவனும் பதிலுக்குக் கத்தினான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவளைப் பற்றியே புகார். நடுவில் இரண்டு தடவை கேட்டான், நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று.