அதுக்குப் பழகிடுச்சு

குளிர்காலத்தில் பெரிய நாய்களைக் கூட்டிக்கொண்டு நடப்பவனிடம் உலகம் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஒட்டாவாவில் பேருந்துக்குக் காத்திருப்பவர் கேட்பார்: "இதுங்களுக்குக் குளிரே தெரியாது, இல்ல?" வீடியோ காலில் மதுரையிலிருந்து அத்தை சொல்வார்: "அதுங்களுக்கு என்னடா, கம்பளியப் போத்திக்கிட்டேதான பொறந்திருக்கு. அதெல்லாம் பழகிடும்." இருவரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான்கு குளிர்காலங்களாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு இந்தப் 'பழகிடுச்சு' என்ற சொல்லின் மேலேயே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அது ஒரு உண்மையைச் சொல்கிறதா, அல்லது இதற்கு மேல் பார்க்கவேண்டாம் என்று நமக்கு அனுமதி கொடுக்கிறதா?

கேள்வியை இப்படி வைத்துக்கொள்கிறேன். வலிக்கிறது என்று சொல்லாத ஒருவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

*

நாய்கள் என்னுடையவை அல்ல. நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற செவிலியர். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர். பனியில் வழுக்கி விழுந்தால் அவ்வளவுதான். அதனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை காலையும் மாலையும் நாய்களை நடத்திச் செல்வது என் பொறுப்பு. வாடகையில் ஒரு பகுதி அதில் கழிந்துவிடும்.

மூன்று பேர். பெஸ், நியூஃபவுண்ட்லாந்து இனம், 9 வயது, 55 கிலோ. ஓட்டோ, அலாஸ்கன் மாலமூட், 4 வயது, 40 கிலோ. மோலி, காப்பகத்திலிருந்து எடுத்துவந்த கலப்பினம். கிரேட் டேன் சாயல், நெடுநெடுவென்ற கால்கள், உடம்போடு ஒட்டிய மெல்லிய முடி. மூன்று கயிறுகளையும் சேர்த்தால் என்னைப்போல் இரண்டு பேரை இழுக்கும் எடை மறுமுனையில் இருக்கிறது. உறைந்த நடைபாதையில் அவர்கள் ஒரு அணிலைப் பார்த்துவிட்டால் நான் நடப்பவன் இல்லை, வண்டி.

ஜனவரியில் இங்கே காலை ஏழரைக்கு மேல்தான் விடியும். மாலை நாலரைக்கே சூரியன் போய்விடும். இரண்டு நடையும் பெரும்பாலும் இருட்டில்தான். மைனஸ் 20 என்பது சாதாரண நாள். நடையைவிட அதற்கான ஆயத்தம்தான் நீளமானது. என் ஷூவுக்கு அடியில் முள் பட்டை மாட்டவேண்டும். பாதத் திண்டுகளில் மெழுகு தடவவேண்டும். மோலிக்குக் கோட்டு. திரும்பி வந்ததும் பன்னிரண்டு பாதங்களை வெந்நீரில் கழுவித் துடைக்கவேண்டும். விரல் இடுக்கில் பனி கோலிக்குண்டுபோல் இறுகியிருக்கும். அதை இழுக்கக் கூடாது, கைச்சூட்டில் பிடித்து உருக்கவேண்டும். சாலையில் பனி உருகப் போடும் உப்பு பாதத்தை அரிக்கும், அதை நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். கார்களிலிருந்து சிந்தும் ஆன்டிஃப்ரீஸ் இனிப்பாக இருக்குமாம். கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பாதம் கழுவுவது சுத்தத்துக்காக மட்டும் செய்கிற வேலை இல்லை.

அத்தை சொல்வதில் உண்மை இல்லாமலும் இல்லை. பெஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் முடி இரண்டு அடுக்கு. வெளியே முரட்டு ரோமம், உள்ளே பஞ்சுபோல் ஒன்று. ஓட்டோவின் முதுகில் விழுந்த பனி அரைமணி நேரம் உருகாமல் கிடக்கும். உள்ளே இருக்கும் சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம். பாதத்தில் இன்னும் நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. கீழே இறங்கும் சூடான ரத்தமும் குளிர்ந்து மேலேறும் ரத்தமும் ஒட்டியொட்டிச் செல்லும் குழாய்களில் ஓடுகின்றன. போவது வருவதைச் சூடாக்கிவிடுகிறது. அதனால்தான் வெறும் பாதத்தோடு பனியில் நின்றும் உடம்பு சில்லிட்டுப்போவதில்லை. ஓட்டோவை வீட்டுக்குள் கூப்பிட்டால் வரமாட்டான். கொல்லைப்பக்கம் பனியில் குழி பறித்து, வாலை மூக்கின் மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவான். அவனுக்கு ஸ்வெட்டர் போட்டுவிடுவதில் ஓட்டோவைவிட நம்முடைய குளிர்தான் அதிகம் இருக்கும்.

ஆக ஒரே தெரு, ஒரே மைனஸ் 20, மூன்று வெவ்வேறு குளிர்கள். 'நாய்க்குக் குளிர் தெரியாது' என்ற வாக்கியம் ஓட்டோவைப் பார்த்துச் செய்யப்பட்டது. மோலிக்கு அது பொருந்தாது. பெஸ்ஸுக்கு ஐந்து வருடம் முன்பு பொருந்தியிருக்கும்.

*

மோலி சிக்கலே இல்லை. குளிர்ந்தால் ஒரு காலைத் தூக்குவாள், அப்புறம் இன்னொரு காலை. நடுரோட்டில் நின்று என்னைக் குற்றவாளியைப்போல் பார்ப்பாள். திரும்பிவிடுவோம். முறையிடத் தெரிந்தவர்களோடு வாழ்வது எளிது.

பெஸ் அப்படி இல்லை. அவளுக்கு மூட்டுத் தேய்மானம். குளிர்காலக் காலைகளில் எழுந்திருக்கவே நேரமாகும். ஆனால் கயிற்றை எடுத்தால் வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிடுவாள். நான் எவ்வளவு தூரம் நடந்தாலும் நடப்பாள். ஒருமுறைகூட நின்று திரும்பிப் பார்த்ததில்லை, முனகியதில்லை. வலியை மறைப்பது நாய்களின் இயல்பு என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நாய்களின் வலியை அளக்க ஒரு அளவுகோலே உருவாக்கியிருக்கிறார்கள். அதில் நாயிடம் கேட்பதற்கு ஒன்றும் கிடையாது. எப்படி நிற்கிறது, எப்படி நடக்கிறது, தொட்டால் என்ன செய்கிறது என்று பார்ப்பவர் பார்த்து எண் போடவேண்டும்.

முதல் குளிர்காலத்திலேயே வீட்டம்மா எனக்குச் சொன்னது இதுதான்: "அவ நிறுத்தமாட்டா. நிறுத்துறது அவ வேலை இல்ல. உன் வேலை."

எளிய அறிவுரைபோலத்தான் பட்டது. யோசிக்க யோசிக்கத்தான் அது நாம் வழக்கமாக நம்பும் ஒன்றைத் தலைகீழாக்குகிறது என்று புரிந்தது. கஷ்டப்படுபவர் சொல்லவேண்டும், சொன்னால் நாம் கேட்போம் என்பதுதான் நம் பொதுவான நியாயம். 'சொல்லியிருக்கலாமே' என்போம். சொல்லும் பொறுப்பு வலிப்பவருடையது, கேட்கும் பெருந்தன்மை நம்முடையது. வீட்டம்மாவின் கணக்கில் அப்படி இல்லை. கயிறு யார் கையில் இருக்கிறதோ அவருடையதுதான் கண்டுபிடிக்கும் வேலையும்.

*

விலங்குகளிடம் கேட்கவேண்டியது அவற்றால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதல்ல, துன்புற முடியுமா என்பதே என்றார் பெந்தாம். அவருடைய அந்த நூல் 1789இல் வெளிவந்தது. விலங்குகள் பற்றிய நவீன அறம் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. கேள்வி சரியானது. ஆனால் பெஸ்ஸோடு நடக்கும்போது அது பாதிக் கேள்விதான் என்று தோன்றும். அவளால் துன்புற முடியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இன்று, இந்தத் திருப்பத்தில், அவள் துன்புறுகிறாளா? அதற்குத் தத்துவம் உதவாது. பின்னங்கால் அடி குறுகுகிறதா என்று குனிந்து பார்ப்பதுதான் உதவும்.

காண்ட் இன்னொரு பக்கம் நிற்கிறார். நாயிடம் நமக்கு நேரடியான கடமை ஏதுமில்லை. ஆனால் விலங்குகளிடம் கொடூரமாக நடந்து பழகியவன் மனிதரிடமும் அப்படியே நடப்பான், ஆகவே நம் மனிதத்தன்மையைக் காப்பாற்றிக்கொள்ளவே நாயிடம் கருணை வேண்டும் என்பது அவர் வாதம். நாயை வெறும் பயிற்சிக்கூடமாக்கும் அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அதற்குள் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது: பழக்கம். 'அதுக்குப் பழகிடுச்சு' என்று சொல்லும்போது உண்மையில் யாருக்குப் பழகியிருக்கிறது? பெஸ்ஸின் மூட்டு குளிருக்குப் பழகவில்லை. ஒவ்வொரு காலையும் அது புதிதாகத்தான் வலிக்கிறது. அவள் மெதுவாக எழுந்திருப்பதைப் பார்ப்பது வேண்டுமானால் எங்களுக்குப் பழகலாம்.

*

தாங்கும் திறன் ஆபத்தான தகுதி. இதற்கு வரலாற்றில் இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன். இரண்டும் நாய்கள், இரண்டும் குளிர்.

1911 அக்டோபரில் அமுண்ட்சென் தென்துருவத்துக்குக் கிளம்பியபோது 5 மனிதர்கள், 52 நாய்கள். பனிமலை ஏறி மேலே பீடபூமியை எட்டியதும் 24 நாய்களைச் சுட்டார்கள். மற்ற நாய்களுக்கும் மனிதர்களுக்கும் அவை உணவாயின. கோபத்திலோ ஆபத்திலோ நடந்ததல்ல அது. கிளம்பும் முன்பே போட்ட கணக்கு. டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்தார்கள். முகாமுக்குத் திரும்பியவை 11 நாய்கள். ஏற்றத்தில் இழுக்க முடிந்தவரை அவை இழுத்தன. இழுத்து முடித்ததும் அவற்றின் பயன் வேறாகிவிட்டது.

1957 நவம்பர் 3. ஸ்புட்னிக் 2இல் லைக்கா. சோவியத் விஞ்ஞானிகள் மாஸ்கோவின் தெருநாய்களைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த ஊரின் குளிரையும் பசியையும் தாண்டி உயிரோடிருப்பவை எதையும் தாங்கும் என்று நினைத்தார்கள். விண்கலம் திரும்பி வர ஏற்பாடே கிடையாது. சில நாட்கள் உயிரோடிருந்தது என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. சில மணி நேரத்திலேயே கலத்துக்குள் வெப்பம் ஏறி இறந்துவிட்டது என்று 2002இல்தான் வெளியே வந்தது. குளிரைத் தாங்கியதால் தேர்வான நாய் சூட்டில் செத்தது. அந்தத் திட்டத்தில் இருந்த ஒலெக் கசென்கோ, அந்தச் சாவை நியாயப்படுத்தும் அளவுக்கு அதிலிருந்து நாங்கள் எதையும் கற்கவில்லை என்ற பொருளில் பிற்காலத்தில் வருந்தினார்.

இரண்டிலும் தர்க்கம் ஒன்றேதான். இது தாங்குகிறது, ஆகவே இன்னும் தாங்கும், ஆகவே இதன்மேல் ஏற்றலாம். 'தாங்குகிறது' என்பதிலிருந்து 'சம்மதிக்கிறது' என்பதற்கு எவ்வளவு சுலபமாகத் தாவிவிடுகிறோம்! நாய்களை விட்டுவிடுங்கள். மலக்குழியில் இறங்குபவரைப் பற்றி இந்த வாக்கியத்தைக் கேட்டதில்லையா? சித்திரை வெயிலில் தார் ஊற்றுபவரைப் பற்றி, கொட்டும் மழையில் பிரியாணி கொண்டுவரும் பையனைப் பற்றி? "அவங்களுக்கெல்லாம் அது பழக்கம்ப்பா." வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண்களைப் பற்றி இன்னும் அழகாகச் சொல்வோம்: பூமாதேவி மாதிரி பொறுமை. தன்னைத் தோண்டுகிறவனையும் சுமக்கிற நிலத்தைப் பொறுமைக்கு உவமையாக வைத்தார் வள்ளுவர். ஆனால் அவர் அந்த அதிகாரத்தில் பொறுப்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். நாமோ கையில் மண்வெட்டியை வைத்துக்கொண்டு அந்தக் குறளை நிலத்துக்கு ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

*

ஒரு எதிர்க்கேள்வி வரும், வரவேண்டும். இதே ஊரில் இதே குளிரில் மனிதர்கள் தெருவில் படுத்திருக்கிறார்கள். நீ நாயின் பாதத்துக்கு மெழுகு தடவுகிறாய். இதில் என்ன அறம் வேண்டிக் கிடக்கிறது?

இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. பணமும் நேரமும் அளவானவை, ஒரு இடத்தில் செலவழித்தது இன்னொரு இடத்துக்குப் போகாது. ஆனால் ஒன்று சொல்ல முடியும். நடைபாதை வெப்பக்காற்று வெளியேறும் கம்பி வலைமேல் படுத்திருப்பவரைத் தாண்டிப் போகிறவர்கள், அவரைவிட நாய் முக்கியம் என்று நினைத்துப் போவதில்லை. அவருக்குப் பழகிவிட்டது என்று நினைத்துத்தான் போகிறார்கள். நாயின் பின்னங்காலைக் கவனிப்பதால் ஒருவன் நல்லவனாகிவிடுவான் என்று நான் சொல்லவரவில்லை. கவனிப்பது என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் தெரியாது என்று சொல்ல முடியாது.

பனியில் நாயோடு நடந்த கதை நம்மிடமே ஒன்று இருக்கிறது. மகாபிரஸ்தானத்தில் பாண்டவர்களும் திரௌபதியும் இமயத்தில் ஏறும்போது ஒரு நாய் பின்தொடர்கிறது. ஒவ்வொருவராக விழுகிறார்கள். ஏன் விழுந்தார்கள் என்று பீமன் கேட்கிறான், தருமன் காரணம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். கடைசியில் இந்திரன் தேரோடு வந்து நாயை விட்டுவிட்டு வா என்கிறபோதுதான் முதன்முறையாக நிற்கிறான்: நம்பி வந்ததைக் கைவிடமாட்டேன். உடனே நாய் தர்மதேவதையாகிறது. சிறுவயதில் எனக்கு அந்தக் கட்டம் பிடிக்கும். இப்போது அந்த உருமாற்றம்தான் உறுத்துகிறது. அது நாயாகவே இருந்துவிட்டிருந்தால்? அத்தனை தூரம் பனியில் வந்த அதன் கால்கள் எப்படி இருந்தன என்று யாராவது பார்த்தார்களா? கடவுளாகிவிட்டால் கால் கழுவவேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மூன்றும் நாய்களாகவே இருக்கின்றன.

*

நியூஃபவுண்ட்லாந்து நாய்கள் பெரும்பாலும் 8லிருந்து 10 வருடம்தான் வாழும். பெரிய உடம்பு, சின்ன ஆயுள். பெஸ்ஸுக்கு இது கடைசிக் குளிர்காலமாக இருக்கலாம். மாத்திரை, ஊசி எல்லாம் நடக்கிறது. ஆனால் எந்த நாளில் போதும் என்று சொல்வது? அதைச் சொல்லவேண்டியதும் அவள் அல்ல. சீக்கிரம் சொல்லிவிட்டால் அவளுக்கு இன்னும் பிடித்திருக்கிற காலைகளைப் பறிக்கிறோம். தாமதித்தால் எங்கள் ஆசைக்காக அவளைச் சுமக்கவைக்கிறோம். அவளோ இரண்டுக்கும் ஒரேபோல் வாலாட்டுவாள்.

மருத்துவரின் யோசனைப்படி சமையலறையில் ஒரு நோட்டு தொங்குகிறது. நல்ல நாளா கெட்ட நாளா என்று தினமும் குறிக்கிறோம். வீட்டம்மா தன் செவிலியர் பழக்கத்தில் பத்தி பிரித்துக் கோடு போட்டிருக்கிறார். எழுந்திருக்க எத்தனை வினாடி, படியில் தயங்கினாளா, சாப்பிட்டாளா, பனியில் புரண்டாளா. கடைசிப் பத்தி என் யோசனை. வலியைக் குறித்துக்கொண்டே இருந்தால் சந்தோஷத்தைக் குறிக்க மறந்துவிடுவோம் என்று சேர்த்தது. நடையை நான் பாலம் வரைக்கும் போகாமல் தபால்பெட்டி வரைக்கும் என்று குறைத்துவிட்டேன். ஓட்டோவைத் தனியாக இன்னொரு சுற்று கூட்டிப்போகிறேன்.

நேற்றைய வரி என் கையெழுத்தில் இருக்கிறது. மைனஸ் 17. எழுந்திருக்க 40 வினாடி. படியில் தயங்கினாள். முழுதும் சாப்பிட்டாள். புரண்டாள், இரண்டு முறை.