காத்திருந்தவன் கணக்கு

இரண்டு பேர் சேர்ந்து ஒரு வழியே போகிறார்கள். ஒருவனுக்குக் காலில் வலு அதிகம், மற்றவனுக்குக் குறைவு. முன்னே போனவன் பின்னே வருகிறவனுக்காகக் காத்திருக்க வேண்டுமா? காத்திருந்தால் அதற்குப் பெயர் தயவா, கடமையா?

"இது என்ன பெரிய கேள்வி! சிநேகிதன் என்றால் காத்திருக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், கொங்கணக் கடற்கரையில் ஒரு படகுத் துறையில் போய் நிற்கும் வரையில்.

என் கல்லூரித் தோழன் ஒருவன் முப்பது வருஷமாக மும்பைவாசி. ஐம்பது வயது தாண்டியதும் அவனுக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்துக்கொண்டது. "வாடா, ரத்னகிரி வரைக்கும் கடலோரமாகவே மிதிச்சுப் பார்த்துடலாம்" என்று கூப்பிட்டான். நான் ஊரில் தினமும் இருபது கிலோமீட்டர் மிதிக்கிறவன். அவனோ ஆயுள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து உத்தியோகம் பார்த்தவன். ஆசை அவனுடையது, கால் வலு என்னுடையது. ஒரு தை மாதத்தில் புறப்பட்டோம்.

அந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சஹ்யாத்ரி மலைக்கும் அரபிக் கடலுக்கும் நடுவே உள்ள குறுகலான நிலம் கொங்கணம். அங்கே அவசரக்காரர்களுக்கு 66-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. கொங்கண் ரயிலும் இருக்கிறது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் குடைந்து 1998-இல் முழுமையாகத் திறந்தார்கள். இரண்டும் கடலை விட்டு உள்ளே தள்ளிப் போகின்றன. கடலோரப் பாதை வேறு சங்கதி. மலையில் பிறக்கும் ஆறுகள் செம்பூராங்கல் மேட்டு நிலத்தை அறுத்துக்கொண்டு வந்து கடலில் விழுகின்றன. ஒவ்வோர் ஆறும் ஒரு கழிமுகம். ஆகவே, மூச்சு வாங்க நூறு மீட்டர் ஏறினால் மேலே கொஞ்ச தூரம் சமவெளி. உடனே ஏறினதையெல்லாம் இறங்கிக் கடல் மட்டத்துக்கு வந்துவிட வேண்டும். அங்கே படகு. அக்கரையில் மறுபடியும் ஏற்றம். ஊட்டிக்கு ஏறுகிறவன் ஏறின உயரத்தைச் சேர்த்து வைக்கிறான். கொங்கணத்தில் சேமிப்பே கிடையாது, தினக்கூலிதான்.

மும்பையில் பாவுச்சா தக்கா துறையில் படகேறி ரேவஸில் இறங்கினோம். அலிபாக், முருட் வழியாகப் போய் அகர்தண்டாவிலிருந்து திகிக்கு ஒரு படகு. பாக்மாண்ட்லாவில் சாவித்திரி நதியைக் கடக்க இன்னொன்று. தாபோலில் வாசிஷ்டி நதிக்கு மூன்றாவது. மாமரங்கள் பூத்திருந்தன. முந்திரித் தோப்புகளுக்கு அப்பால் கடல் தெரிவதும் மறைவதுமாகக் கூடவே வந்தது.

முதல் நாள் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் நான் சந்தோஷமாகக் காத்திருந்தேன். இரண்டாம் நாள் பொறுமையாகக் காத்திருந்தேன். மூன்றாம் நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். நாலாம் நாள் கணக்கே எழுத ஆரம்பித்துவிட்டேன். காகிதத்தில் அல்ல, மனத்தில். இந்த மேட்டில் பன்னிரண்டு நிமிஷம், அந்த மேட்டில் பதினெட்டு. இத்தனை நிமிஷமும் நான் அவனுக்குக் கொடுத்த கடன். மரம் ஏறுகிறவனை எத்தனை தூரம்தான் தாங்குவது?

ஐந்தாம் நாள் குஹாகரை விட்டு வேள்ணேஷ்வர், ஹேத்வி என்று கடந்து, சாயங்காலம் தவ்சால் துறைக்கு இறங்கினேன். எதிரே சாஸ்திரி நதியின் அகன்ற முகத்துவாரம், அக்கரையில் ஜெய்கட். வண்டிகளை ஏற்றும் தட்டையான படகு கிளம்பத் தயாராக நின்றது. விட்டால் அடுத்ததற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். சைக்கிளை ஏற்றிவிட்டேன். முன்பலகையைத் தூக்கப் போன ஆள் என்னைப் பார்த்து, "ஆணகி கோணி ஆஹே கா?" என்று கேட்டான். இன்னும் யாராவது உண்டா என்று அர்த்தம்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேலே, சாலை வளைகிற இடத்தில் ஒரு வெள்ளைச் சட்டை. அவன்தான். இறங்கி வர ஐந்து நிமிஷம் ஆகலாம். படகுக்காரன் நிறுத்தி வைத்திருப்பான். நிறுத்தி வைக்கும் மனிதனாகத்தான் தெரிந்தான்.

நான் பதில் சொல்லவில்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். என் மௌனத்தை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு அவன் பலகையைத் தூக்கினான். 'அடுத்த படகில் வரட்டுமே, குடியா முழுகிப் போகும்?' என்று என் மனத்துக்குள் ஒரு குரல் சொல்லிற்று. அந்தக் குரலில் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இருட்டின பிறகு அடுத்த படகு வந்தது. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினான். முழங்காலில் கைக்குட்டை கட்டியிருந்தது. முழங்கையில் தோல் உரிந்து செம்மண் அப்பியிருந்தது.

"கடைசி வளைவிலே சறுக்கிடுச்சுடா. படகைப் பிடிக்கணும்னு வேகமா வந்தேன். அதுக்குள்ளே கிளம்பிட்டான் போலிருக்கு" என்றான்.

"ஆமாம், கிளம்பிவிட்டான்" என்றேன். முதலில் சொன்ன பொய்க்கு வாய் வேண்டியிருக்கவில்லை. இதற்கு வேண்டியிருந்தது.

ஜெய்கட்டில் ஒரு வீட்டில் அறை கிடைத்தது. காயத்தைக் கழுவிக் கட்டினேன். வீட்டுக்கார அம்மாள் சோறும், கோகம் போட்ட சோல்கடியும் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "இந்த ஒரு மணி நேரம் எனக்கு நல்லதாப் போச்சுடா. அஞ்சு நாள்லே முதல் தடவையா உட்கார்ந்தேன்."

"ஏன், நான்தான் ஒவ்வொரு மேட்டிலும் நிற்கிறேனே?"

"நீ நிற்கிறே. உட்கார்ந்து தண்ணி குடிச்சுக் களைப்பாறிக்கிறே. நான் வந்து சேர்ந்ததும், 'வந்துட்டியா, போகலாமா'ன்னு எழுந்துடறே. உனக்கு ஒவ்வொரு மேட்டிலும் ஓய்வு. எனக்கு எங்கே?"

குறை சொல்கிற தொனியே இல்லை. கணக்கில் ஒரு சின்னத் தப்பைக் காட்டுகிற மாதிரிதான் சொன்னான். ஆனால் ஐந்து நாளாக நான் எழுதி வைத்த கணக்கு முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் தலைகீழாகப் போயிற்று. பன்னிரண்டு நிமிஷம், பதினெட்டு நிமிஷம் என்று அவன் பேரில் பற்று எழுதியதெல்லாம் நான் அனுபவித்த வரவு. இளைத்தவன் இளைப்பாறாமலே வந்தான். இளைக்காதவன் இளைப்பாறிக்கொண்டே வந்தான். இதற்குத் தியாகம் என்று நான் பெயர் வைத்திருந்தேன்!

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மனத்துக்குள் ஒரு வக்கீலை அமர்த்திக்கொண்டு வாதாடினேன். பாரதத்தின் கடைசியில் பாண்டவர்கள் இமயமலையில் ஏறிப் போகிறார்கள். திரௌபதி விழுகிறாள், சகதேவன், நகுலன், அருச்சுனன், பீமன் ஒவ்வொருவராக விழுகிறார்கள். தருமபுத்திரரே திரும்பிப் பார்க்காமல் நடந்தாரே, நான் எம்மாத்திரம்? வாதம் பலமாகத்தான் இருந்தது, நாயின் ஞாபகம் வரும் வரையில். கூடவே நடந்து வந்த நாயை விட்டுவிட்டு இந்திரனுடைய ரதத்தில் ஏற மாட்டேன் என்று நின்றவரும் அதே தருமர்தான். விழுந்தவர்களுடைய பயணம் முடிந்துவிட்டது. நாய் இன்னும் வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருக்கிற ஜீவனை விட்டுவிட்டு வாகனம் ஏறக் கூடாது என்ற இடத்தில் அவர் நின்றார். நானோ, வந்துகொண்டிருந்தவனைக் கண்ணால் பார்த்துவிட்டே படகில் போனேன்.

வக்கீல் இன்னொரு வழி பார்த்தார்: அவன் வேகமாக வந்தது அவன் இஷ்டம், விழுந்தது செம்மண்ணின் குற்றம். அப்படியே இருக்கட்டும். அவன் விழாமல் வந்திருந்தால் என் குற்றம் குறைந்திருக்குமா? இம்மியும் குறைந்திருக்காது. எனக்குத் தெரியாமல் போயிருக்கும், அவ்வளவுதான். நாம் தினமும் எத்தனை படகுகளில் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறுகிறோமோ? யாரும் விழாததால் நல்லவர்களாக வீடு திரும்புகிறோம்.

மறுநாள் கணபதிபுலே தாண்டி, ஆரே வாரே கடற்கரையை ஒட்டி ஏறுகிற சாலை. நான் வேண்டுமென்றே பின்னால் வந்தேன். மற்றவனுடைய வேகத்துக்கு நம் வேகத்தை அடக்குவது காலுக்குச் சிரமம் இல்லை, கர்வத்துக்குத்தான் சிரமம். உச்சியில் ஒரு மர நிழலில் அவன் முன்னதாகப் போய் உட்கார்ந்திருந்தான். நான் போனதும் எழுந்திருக்கவில்லை. நகர்ந்து எனக்கு நிழலில் இடம் கொடுத்தான். "உட்காருடா, மெதுவாப் போகலாம்" என்றான்.

நான் ஐந்து நாளாக அவனுக்குச் சொல்லாத வார்த்தை அது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வளைவில் அவனைப் பார்த்ததையும், படகுக்காரன் கேட்டதையும், நான் வாய் திறக்காததையும் சொல்லிவிட்டேன்.

அவன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்டா. நீ தலையைத் தூக்கிப் பார்த்தது மேலேயிருந்து தெரிஞ்சுது. பார்த்துட்டான், இனிமே படகு போகாதுன்னு நினைச்சுத்தான் பிரேக்கை விட்டேன்."

"அப்படியானால் நேற்றே ஏன் கேட்கவில்லை?"

"நீயாச் சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

காத்திருப்பது தயவா, கடமையா என்று ஆரம்பத்தில் கேட்டேன். நான் காத்திருந்த நிமிஷங்களையெல்லாம் அவன் பேரில் கணக்கு எழுதினேன். அவன் அடிபட்ட முழங்காலோடு ஓர் இரவு முழுவதும் எனக்காகக் காத்திருந்தான். அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆகையால் நான் எழுதுகிறேன்.