தெரிந்து செய்யும் பிழை

தெரியாமல் செய்தால் தவறு. தெரிந்தே செய்தால் குற்றம். சின்ன வயது முதல் நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கும் நீதி இதுதான். தெரிந்தே செய்தால் அது கலை என்று மூன்றாவதாக ஒருவர் வந்து சொன்னால் நமக்குக் கோபம் வரும். ஆனால் அப்படிச் சொல்கிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறது. அவர்கள் கட்சியைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பிறகு கோபித்துக் கொள்ளலாமே என்று தோன்றுகிறது எனக்கு.

அவர்கள் செய்யும் கலைக்குக் ‘கிளிட்ச்’ கலை என்று பெயர். மின்னோட்டம் ஒரு கணம் திடுமென எகிறிக் கோளாறு செய்வதற்கு அமெரிக்க விண்வெளித் துறையில் வழங்கிய கொச்சைச் சொல் அது. பூமியைச் சுற்றி வந்த ஜான் கிளென் 1962-ல் வெளிவந்த ஒரு புத்தகத்தில் அதை விளக்கியிருக்கிறார். யந்திரத்தின் தும்மல் என்று நாம் வைத்துக் கொள்ளலாம். அந்தத் தும்மலை வேண்டுமென்றே வரவழைத்து, அதில் தோன்றும் உருவங்களைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்.

வரவழைக்கப் பல வழிகள் உண்டு. எல்லாவற்றிலும் எனக்கு விசித்திரமாகப் பட்டது ஒன்று: புகைப்படத்தை எடுத்துப் பாட்டுப் பதிவு செய்யும் கருவியில் போட்டு, அது ஒரு பாட்டு என்று பாவித்துத் திருத்துவது. ‘ஆடாசிட்டி’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 2000-ம் ஆண்டில் வெளிவந்தது, காசில்லாமல் கிடைப்பது. ஒலியை வெட்டவும் ஒட்டவும் செய்யப்பட்ட அந்தக் கருவிக்குப் படம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் ‘மூல எண்களாக எடுத்துக்கொள்’ என்று சொன்னால் எதையும் விழுங்கிவிடும். கணினிக்குள் படமும் எண்தான், பாட்டும் எண்தான் அல்லவா?

நானே ஒரு மாலை உட்கார்ந்து செய்து பார்த்தேன். கணக்கு ரொம்பச் சுலபம். ‘பிட்மேப்’ என்ற வகைப் படத்தில் முதல் 54 எண்கள் பெரும்பாலும் முகவரி மாதிரி. படத்தின் அகலம், உயரம் முதலிய விவரங்கள். அவற்றில் கை வைத்தால் படம் திறக்கவே திறக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள்: நீலம், பச்சை, சிவப்பு. ஆயிரம் புள்ளி அகலம், ஆயிரம் புள்ளி உயரம் என்றால் மொத்தம் முப்பது லட்சம் எண்கள். விநாடிக்கு 44,100 வீதம் ஒலிக்க விட்டால் முழுப் படமும் 68 விநாடிப் ‘பாட்டு’. கேட்பதற்கு இனிமையாக இல்லை. கரகரவென்ற இரைச்சல், அதனூடே படத்தின் வரிக்கு வரி திரும்பி வரும் ஒரு துடிப்பு.

இந்தப் பாட்டுக்கு ஒரு விநாடி எதிரொலி கொடுத்தேன். காதுக்கு எதிரொலியாக இருப்பது கண்ணுக்கு என்னவாகும்? 44,100 எண்கள் தள்ளி, அதாவது ஏறக்குறைய பதினைந்து வரி தள்ளி, உருவத்தின் ஆவி ஒன்று எழுந்து நிற்கிறது. அதற்கு அப்பால் அந்த ஆவிக்கு ஓர் ஆவி. இந்த வகைப் படம் அடிவரியிலிருந்து எழுதப்படுவதால் ஆவிகள் மேல் நோக்கிப் போகின்றன. பிறகு, முகவரியை விட்டுவிட்டு மீதியைத் தலைகீழாக ஒலிக்கச் செய்தேன். படம் தலைகீழானது மட்டுமல்ல. எண்களின் வரிசை புரண்டதால் சிவப்பும் நீலமும் இடம் மாறிக்கொண்டன. செம்பருத்திப் பூ நீலமாகிவிட்டது!

இதெல்லாம் விளையாட்டுதானே என்று கேட்கலாம். ஆனால் இந்த விளையாட்டுக்கு வயது கொஞ்சம் அதிகம். 1965-ல் கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் ஒரு டெலிவிஷன் பெட்டியின் மேல் பெரிய காந்தத்தை வைத்து, திரையில் ஒளி வளைந்து நெளிவதைக் கலையாகக் காட்டினார். 1978-ல் அமெரிக்காவில் ஒரு விளையாட்டு யந்திரத்தைக் கையால் குத்தி, அதன் பேழை வெளியே எகிறும்போது திரை பிதற்றுவதைப் பதிவு செய்தார்கள். 2010-ல் இந்தக் கலைக்கென்றே சிகாகோ நகரில் ஒரு விழா கூடியது.

இனி நம் கேள்விக்கு வருவோம். வேண்டுமென்று செய்த பிழை பிழையாகுமா? 2004-ல் இமான் மொராதி என்பவர் தம் ஆய்வில் இந்தக் கலையை இரண்டாகப் பிரித்தார்: தானாக நேர்ந்தது ஒன்று, நேர்ந்தது போல் செய்யப்பட்டது மற்றொன்று. இரண்டாவது பாசாங்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தாயம் உருட்டுகிறவன் தெரிந்துதான் உருட்டுகிறான். விழுகிற எண் அவனுடையதல்ல. எதிரொலி கொடுத்தது நான். ஆவிகள் எங்கே நிற்க வேண்டும் என்று ஓரளவு கணக்குப் போடலாமே தவிர, எந்தக் கண்ணின் மேல் எந்த நிழல் விழும் என்பது என் கையில் இல்லை. ஐம்பது முறை உருட்டி நாற்பத்தொன்பதைத் தள்ளிவிட்டு ஒன்றை வைத்துக் கொள்கிறானே, அங்கேதான் கலைஞன் இருக்கிறான். உருட்டியதில் பெருமை இல்லை; பொறுக்கியதில் உண்டு.

ஆகவே பிழையா இல்லையா என்பதல்ல என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி. யாருக்கு நஷ்டம் என்பதே கேள்வி.

1953-ல் ராபர்ட் ராஷன்பர்க் என்ற இளம் ஓவியர், பெரும் புகழோடிருந்த வில்லெம் டி கூனிங்கிடம் போய், “உங்கள் சித்திரம் ஒன்று வேண்டும், அழிப்பதற்கு” என்ற கோரிக்கையை வைத்தார். டி கூனிங்குக்கு அது பிடிக்கவில்லை; ஆனாலும் கொடுத்தார். வேண்டாத காகிதத்தையா கொடுத்தார்? இல்லை. போனால் தமக்கு வருத்தம் தரக்கூடிய ஒன்றை, அழிப்பதற்கும் எளிதில் மசியாத ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். இளையவர் வாரக்கணக்கில் தேய்த்து அழித்தார். கிட்டத்தட்ட வெறுமையான அந்தத் தாள் இன்று ஸான் பிரான்ஸிஸ்கோ மியூஸியத்தில் இருக்கிறது. வெறுந்தாளை ஏன் பார்க்கிறார்கள்? ஒருவர் மனமறிந்து இழந்தார், மற்றவர் உடல் நோக அழித்தார் என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

படத்தைப் பாட்டாக்கிக் கெடுக்கிறவனுக்கு இந்த நஷ்டம் கிடையாது. மூலப் படம் பத்திரமாக இருக்கிறது. கெட்டது அதன் நகல். பிடிக்கவில்லை என்றால் ஒரு விசையைத் தட்டினால் பழையபடி. விலை கொடுக்காமல் வாங்கிய அழிவு இது. இப்போது அதற்கும் சிரமம் வேண்டாம் என்று, தொட்டால் படம் கிழிந்தது போல் ஆக்கித் தரும் செயலிகள் வந்துவிட்டன. பிழை கடைச்சரக்காகிவிட்டது.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். காலமான கணவரின் படம் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கைபேசியில். கைபேசி பழுதாகி, பழுது பார்க்கப்பட்டுத் திரும்பியபோது அந்தப் படம் நெற்றியும் கண்களும் மட்டுமாக வந்தது. மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். “வாயே இல்லை, பார் தம்பி, அவர் சிரிக்கிறது தெரியவில்லையே!” என்று என்னிடம் நீட்டினார். கிளிட்ச் கலைஞர்கள் ஆசையோடு தேடுகிற அதே சாம்பல், அதே வெட்டு. அதை அழகு என்று அந்த அம்மாளிடம் சொல்ல எனக்கு நா எழுமா? எழாது. எந்த விமர்சகருக்கும் எழக் கூடாது.

அப்படியானால் இந்தக் கலையே கொடுமையா? அதுவும் இல்லை. நம் வீடுகளில் குழந்தைக்குத் தலை வாரிப் பூச்சூட்டிய பிறகு தாய் என்ன செய்கிறாள்? மையைத் தொட்டுக் கன்னத்தில் கறுப்பாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைக்கிறாள். அழகான முகத்தில் தெரிந்தே ஒரு களங்கம். அது நமக்கு உறுத்துவதில்லை. அந்த முகத்துக்கு ஏதாவது நேர்ந்தால் முதலில் துடிப்பவள் அவள். களங்கம் வைக்கும் உரிமை அங்கிருந்து வருகிறது. அதே மையை அடுத்த வீட்டுக்காரன் வந்து பூசினால் சண்டைதான்.

ஹாலந்து நாட்டுக் கலைஞர் ரோசா மெங்க்மன் 2010-ல் செய்த ஒரு படைப்பு இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு முகத்தைப் பல கோப்பு வகைகளில் மாற்றி, ஒவ்வொன்றிலும் பிழையைப் புகுத்தி, எந்த வகை எப்படி உடைகிறது என்று வரிசையாகக் காட்டினார். ஒன்று பட்டை பட்டையாகக் கிழிகிறது. ஒன்று கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. படம் என்பது முகமல்ல, முகத்தைப் பற்றி யந்திரம் எழுதி வைத்திருக்கும் குறிப்புத்தான் என்ற உண்மை அங்கே வெட்ட வெளிச்சமாகிறது. அந்த உண்மையைச் சொல்ல ஒரு முகம் கெட வேண்டியிருந்தது. அவர் எடுத்துக் கொண்டது தம் முகத்தை.

கெடுத்துக் காட்ட விரும்புகிறவர்களுக்கு நான் வேறு சட்டம் எதுவும் சொல்ல மாட்டேன். யுத்தத்தில் அழுகிறவள் முகம் இருக்கிறது, செத்துக் கிடப்பவன் முகம் இருக்கிறது. வலையை வீசினால் ஆயிரம் படங்கள் அகப்படும். எதை வேண்டுமானாலும் பாட்டாக்கலாம், கருவி தடுக்காது. ஆனால் முதல் படம் உங்களுடையதாக இருக்கட்டும். அது கிழியும்போது உள்ளே எங்காவது சுருக்கென்கிறதா என்று பாருங்கள். சுருக்கென்றால், அடுத்தவர் முகத்தில் எவ்வளவு மை வைக்கலாம் என்பதை அதுவே சொல்லிவிடும்.