ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

 

தர்மபுரி மாவட்டம் கடத்தூரில் ஒரு தாயாரின் ஜனாஸாவில் நாம் கலந்துகொண்டோம். சந்தூக்கின் ஒரு புறம் மூத்த மகன் தோள் கொடுத்தார். மறு புறம் இளையவர். வீட்டுமனைத் தகராறில் இருவருக்கும் ஆண்டுக்கணக்கில் பேச்சில்லை. கபரில் மண் தள்ளும்போதும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை. "ஒரு வயிற்றில் கிடந்த பிள்ளைகளாச்சே!" என்று பெரியவர் ஒருவர் வருந்தினார். அவர் அரபி படித்தவர் அல்லர். ஆயினும் அரபி மொழி உணர்த்தும் உண்மையையே சொல்லிவிட்டார்.

அரபிச் சொற்களில் பெரும்பாலானவை மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை. உறுப்பைக் குறிக்கும் வேரிலேயே மனித வாழ்வின் நிலைகளைக் குறிக்கும் சொற்களும் பிறக்கின்றன. 'கபித்' என்றால் ஈரல். அதே வேரில் வரும் 'கபத்' என்றால் கஷ்டம். 'ரகபா' என்றால் கழுத்து. அது அடிமையையும் குறிக்கும். 'கபத்', 'ரகபா' இரண்டுமே ஸூரத்துல் பலதில் வருகின்றன.

இவ்வாறே 'ரஹிம்' என்பது தாயின் கருவறை. ரா, ஹா, மீம் என்னும் அதே மூன்றெழுத்தில்தான் ரஹ்மத் என்னும் அருளும், ரஹ்மான், ரஹீம் என்னும் திருநாமங்களும் அமைந்துள்ளன. கருவறை கேளாமல் கொடுக்கிறது. கைம்மாறு கருதாமல் காக்கிறது. அருளுக்கு இதைவிட நல்ல உவமை ஏது?

நம் பார்வையில் உறுப்பு முந்தியது, குணம் பிந்தியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, ரஹ்மான் தன் பெயரிலிருந்தே ரஹிமுக்குப் பெயரிட்டான் என்றும், அவ்வுறவைச் சேர்ப்பவனைத் தான் சேர்ப்பதாகவும், துண்டிப்பவனைத் தான் துண்டிப்பதாகவும் அல்லாஹ் கூறினான் என்றும் அறிவித்தார்கள். ஆகவே உடன்பிறந்தானை வெட்டுகிறவன் யாருடைய பெயரோடு கட்டிய கயிற்றை வெட்டுகிறான் என்று சிந்திக்க வேண்டாமா?

நாம் நாள்தோறும் வழங்கும் 'சகோதரன்' என்ற சொல்லுக்கும் ஒரே வயிற்றில் பிறந்தவன் என்பதே பொருள். அன்றாடம் பர்ளுத் தொழுகையின் 17 ரக்அத்திலும் ஸூரத்துல் பாத்திஹா ஓதி, அர்ரஹ்மானிர் ரஹீம் என்று நாவால் மொழிகிறோம். மொழிந்த அதே நாவு தம்பிக்கு ஒரு சலாம் சொல்ல மறுக்கிறது! அக்காள் தங்கையருக்குத் திருமறை விதித்த பாகத்தைச் சீர்வரிசையில் கழித்துவிட்டதாகக் கணக்குச் சொல்லுகிறது!

"அவன் வரட்டும், நானும் வருகிறேன்" என்பது கொடுக்கல் வாங்கல். உறவைச் சேர்த்தல் ஆகாது. துண்டித்தவனிடம் தானே போய்ச் சேருகிறவனே உறவைப் பேணுபவன் என்பது நபிமொழி. மூன்று நாளுக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுக்குவது ஆகாது. இருவரில் சிறந்தவர் சலாமை முந்திச் சொல்பவரே.

தாயின் கபரில் ஈரம் காயுமுன் அந்தச் சலாம் சொல்லப்பட வேண்டும். இப்பக்கத்தைப் படிக்கும் நம் வீடுகளிலும் அப்படிச் சொல்லாமல் நிற்கும் சலாம்கள் உண்டு. இன்றே சொல்லிவிடுவோம். அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ், பிரிந்த உள்ளங்களைச் சேர்த்து வைப்பானாக! ஆமீன்.