கடல் தூக்கிப் போட்டது

ஒன்றையும் எடுக்காமல், ஒன்றையும் கொல்லாமல், வெறுமனே பார்த்துவிட்டு வருகிறவனுக்கு ஏதேனும் கணக்கு இருக்குமா? நிலாவெளிக்குப் போய் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை.

மலைநாட்டவர்களாகிய எங்களுக்குக் கடல் பெருநாள் விடுமுறைச் சங்கதி. பிலிமத்தலாவையில் சுபஹுக்கு முன்னரே வேனில் ஏறி, தம்புள்ளை, ஹபரணை கடந்து திருகோணமலை போய், நள்ளிரவில் வீடு திரும்புவோம். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இடம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வாடகைக்குக் கிடைக்கின்றன. முகத்தை நீருக்குள் வைத்ததும் வெளியுலகம் அறுந்துபோய், நமது மூச்சுச் சத்தம் மட்டும் நமக்குக் கேட்கிறது. கீழே மான்கொம்பு போலக் கிளைவிட்ட முருகைக்கற்கள், அவற்றைக் கொறித்துத் திரியும் கிளிமீன்கள். கல் என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அது பிராணி. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கட்டிய கூட்டு வீடு. உருண்டு திரண்ட வகைகள் ஒரு சென்ரிமீற்றர் வளரவே ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும்.

எங்களோடு வந்த ஓய்வுபெற்ற அரபு ஆசிரியர் ஒருவர் கரையில் கிடந்த வெள்ளைத் துண்டொன்றைப் பையில் போட்டார். படகோட்டி தடுத்தார்.

“எடுக்க ஏலா ஹஸரத், சட்டம்.”

“செத்த கல்லுதானே தம்பி? கடல் தூக்கிப் போட்டதுக்கு ஆரு சொந்தக்காரன்?”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அம்பர் புதையல் அல்ல, கடல் வெளியே தள்ளிய பொருள் என்ற இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்தை வேனிலும் எங்களுக்கு விளக்கினார். மறுக்க முடியாத கருத்துத்தான். ஆனால் அம்பரை எடுத்தால் கரைக்கு ஒன்றும் குறைவதில்லை. புறாத்தீவிலோ உடைந்த முருகைக்கல்லே கரை. அங்கே ஒரு துண்டை எடுப்பவன் கரையிலிருந்து ஒரு பிடியை எடுக்கிறான். எங்கள் வேனில் மட்டும் பதினான்கு பேர்.

இருந்தாலும் அன்று பெரிய சேதத்தைச் செய்தவர் அவரல்லர். ஆழமற்ற இடத்தில் முகக்கண்ணாடியைச் சரிசெய்ய ஒரு வாலிபர் உயிருள்ள கல்லின் மேல் ஏறி நின்றார். காலடியில் மளுக்கென்று ஏதோ முறிந்தது. அவர் படம் பிடித்தார், ஒன்றையும் எடுக்கவில்லை, நல்ல பிள்ளையாகத் திரும்பினார். எடுத்தவனைப் பிடிக்க நமக்கு வார்த்தைகள் இருக்கின்றன: களவு, மோசடி, ஹராம். நின்றவனை என்னவென்று அழைப்பது? நமது மனச்சாட்சி கையைப் பார்க்கப் பழகியிருக்கிறது, காலைப் பார்ப்பதில்லை.

யுத்த காலத்தில் அங்கே போவோர் குறைவு. 1998 இல் இந்து சமுத்திரம் சூடேறி ஹிக்கடுவையின் முருகைக்கற்கள் பெருமளவு வெளுத்து மடிந்தபோதும் புறாத்தீவு தப்பியது. 2009 க்குப் பின்னர் பாதை திறந்தது, கால்களும் வந்தன. அதற்காக யுத்தமே நல்ல காவல்காரன் என்று சொல்வோரின் வாதம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அந்தக் கரை மக்கள் இழந்தவற்றை எந்தத் தராசில் வைப்பார்கள்?

அப்படியானால் போகாமலே இருந்துவிடுவதா? போகாதவன் சுத்தவாளி என்று முன்பு எளிதாகச் சொல்லியிருப்பேன். இப்போது பேராதனைப் பாலத்தைக் கடக்கும்போது கீழே பார்க்கிறேன். மழை பெய்த மறுநாள் மகாவலி பால் தேநீர் நிறத்தில் ஓடும். அந்த மண் எங்கள் மேட்டுக் காணிகளினதும் வீடு கட்ட வெட்டிய சரிவுகளினதும் மண். மகாவலி மூதூருக்கருகே கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. புறாத்தீவு அங்கிருந்து வடக்கே தள்ளியிருக்கிறது. எங்கள் மண் அதுவரை போகிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கலங்கல் நீர் வெளிச்சத்தை மறைத்தால், வண்டல் மேலே படிந்தால், எந்தக் கடலிலும் முருகைக்கல் மூச்சுத் திணறும்.

எங்கள் மஹல்லாவில் கடலையே பார்த்திராத மூதாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களின் கொல்லைப்புற மண்ணும் அந்த ஆற்றில்தான் போகிறது.